பழைய கல்லறைகளை ஜேசிபி கொண்டு சுத்தம் செய்யாதீர்கள்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, கடலை ஒட்டிய ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, லொகேஷனும் போட மாட்டேன். தனுஷ்கோடி தேவாலயத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். 1964 டிசம்பர் புயலுக்கே தாக்குப்பிடித்து நின்ற சுவர் அது, அதில் சாவியால் கீறி ஜோடிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் புயலில் போனவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறையே கிடையாது, கடலோடு போய்விட்டார்கள். அந்த இடத்திலா உங்கள் பெயரை எழுதுவது?

சரி, இங்கே வாருங்கள். இந்தச் சிலுவையின் ஒரு கை உடைந்து கிடக்கிறது, சுற்றிலும் பாட்டில் சில்லு. இந்தக் கல்லறையில் பெயர் பொறித்த பளிங்குப் பலகை இருந்திருக்கிறது, இப்போது அது இருந்த பள்ளம் மட்டும்தான் மிச்சம். யாரை அடக்கம் செய்தார்கள் என்று இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? மற்றவர் மனத்தைப் புண்படுத்த வேண்டும் என்று அடக்க இடத்துக்குள் அத்துமீறி நுழைந்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் 297ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. குடிக்க இடம் தேடி வருகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

ஆனால் நான் முக்கியமாகப் பேச வந்தது அவர்களைப் பற்றி இல்லை. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களைப் பற்றி.

நம் மாவட்டத்தில் ஓர் இடத்தைக் கவனிக்காமல் விட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து வருஷம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அப்புறம் கல்லறைத் திருநாள் நெருங்கும்போது திடீரென்று எல்லோருக்கும் அக்கறை வந்து, வசூல் செய்து, ஒரு ஜேசிபியை உள்ளே விடுகிறார்கள். கருவேல வேர் கல்லுக்கு அடியில் ஓடியிருக்கும், மரத்தை வேரோடு இழுத்தால் கல்லறையும் சேர்ந்துதான் வரும். இதோ இந்த மூலையில் குவிந்து கிடப்பதெல்லாம் அப்படி வந்த கற்கள்தான். இதில் பாதி பவளக்கல், அந்தக் காலத்தில் கடலிலிருந்து எடுத்து வந்து சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாகிவிட்டன, கடலிலிருந்து பவளப்பாறையை எடுப்பதும் இன்று குற்றம். அதனால் இது உடைந்தால் உடைந்ததுதான், புதுக்கல் கிடைக்காது.

அடுத்து சிமெண்ட். இந்தக் கல்லறையைப் பாருங்கள், வெளியே பூச்சு நன்றாகத்தான் தெரிகிறது. விரிசலுக்குள் விரலை வைத்தால் கல் மாவாக உதிர்கிறது. கடலோரக் கல்லில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும், உப்பு உள்ளேயே படிந்து படிந்து கல்லை அரித்துவிடும். அதாவது பேர் கிறுக்கிய பையன் செய்ததைவிட, பாசத்தோடு சிமெண்ட் பூசிய பேரன் செய்த சேதம் அதிகம். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மையவாடிகளை, அதாவது முஸ்லிம்களின் அடக்க இடங்களைப் பார்த்துவிட்டு ‘ஐயோ, கவனிப்பாரில்லை’ என்று வீடியோ போடாதீர்கள். கபரை, அதாவது அடக்கக் குழியை, வெறும் மண்மேடாக, அடையாளத்துக்கு மீசான் கல் மட்டும் நட்டு விடுவது அங்கே மார்க்க வழக்கம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்கிறோமே, அவரை அடக்கிய இடத்தில் கீழக்கரையில் கட்டடம் இருக்கிறது, தேடி வருகிறார்கள். மற்றவர்கள் மண்ணாகவே இருக்க விரும்பியவர்கள். அங்கே குப்பை கொட்டுவதும் சுவரை இடித்து வழி போடுவதும்தான் தப்பு, மண்மேடு தப்பில்லை.

அப்போ என்னதான் செய்வது? கருவேலத்தை அரிவாளால் தரையோடு வெட்டுங்கள், வேரை விட்டுவிடுங்கள். மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டுங்கள். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் சொன்னால் விறகுக்காக அவர்களே வெட்டிக்கொள்வார்கள், கல்லைத் தொடக் கூடாது என்று மட்டும் கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைத் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தால் போதும், ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். எழுத்து மங்கியிருந்தால் காலையில் வெயில் சாய்வாக விழும்போது போட்டோ எடுங்கள், மதியம் ஒன்றுமே தெரியாத இடத்தில் காலையில் பெயர் வாசிக்க முடியும். எடுத்ததைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து அடக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நவம்பர் 2க்கு முன்னால் உங்கள் ஊரில் ஜேசிபி பேசியிருந்தால், இந்த வீடியோவை அந்தக் கமிட்டி குரூப்பில் இன்றைக்கே போடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் யாராவது ராமநாதபுரம் பக்கம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், இந்தத் தோட்டத்தில் அவருக்கு வேலை இருக்கிறது.