கேரவன் கூரையும் வேலூர் வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம். வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்ப்பவன் நான். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலைகள், நடுவில் மணலாகக் கிடக்கும் பாலாறு. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போனது. அந்த வெயிலில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டை நிறுத்தி, அதற்குள் மனிதர் தூங்க வேண்டும் என்றால் என்ன செய்வது? படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டைச் சொல்கிறேன். நம் ஊரில் அதைக் கேரவன் என்கிறோம்.

அதன் கூரையில் மேலே அலுமினியத் தகடு, கீழே மெல்லிய பிளைவுட், நடுவில் நாலைந்து அங்குல இடைவெளி, அதில் சூட்டைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி. வீட்டில் பரண் என்றால் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிடலாம். இந்தப் பரணில் என்ன நடக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும்.

நான் கட்டிக் கொடுத்த ஒரு டிரெய்லர் மார்கழி, தை முழுக்க ஏலகிரி மலையில் நின்றது. சித்திரையில் திரும்பி வந்தபோது, உள்கூரை தொங்குகிறது, ஒரே நாற்றம் என்றார்கள். மழை ஒழுகியிருக்கும் என்று கூரைமேல் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. திருகுகளைக் கழற்றினேன். பிளைவுட் நமுத்த அப்பளம் போலக் கையோடு வந்தது. கம்பளியைப் பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. குறுக்குச் சட்டங்கள் நெடுகக் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது.

அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, அடுப்பிலிருந்து வந்தது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. சோறு கொதிக்கும் ஆவி வேறு, நால்வர் இரவெல்லாம் விடும் மூச்சு வேறு. எல்லாம் விளக்குக்குப் போட்ட துளைகள் வழியே மேலே ஏறுகிறது. மலை இரவில் திறந்த வானத்தின் கீழ் கிடக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதன் அடிப்பக்கம் ஆவி பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? மழைக்குப் பயந்து ஒரு சந்து விடாமல் சிலிக்கான் பூசி அடைத்தவன் நான்தான். உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேற வழியே இல்லை.

அதனால் ஆவியைப் பிறந்த இடத்திலேயே பிடித்து வெளியே தள்ள வேண்டும். அமெரிக்க டிரெய்லர்களில் கூரைத் திறப்புக்குப் பழகிய அளவு 14 அங்குலச் சதுரம். அதில் 12 வோல்ட் மின்விசிறி பொருத்துவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, குளியலறையில் ஒன்று போதும். மேலே ஒரு மூடாக்கு வைத்தால் மழையிலும் திறந்தே இருக்கலாம். ஆனால் விசிறி ஓடும்போது எதிர்ப்பக்கம் தாழ்வான ஒரு ஜன்னல் திறந்திருக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு விசிறியைப் போட்டால், அது காற்றுக்காகக் கிடைத்த துளையிலெல்லாம் இழுக்கும். கேஸ் கீசரின் புகைக்குழாயிலிருந்தும் இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அமெரிக்க வீடுகளின் பரணுக்கு ஒரு கணக்கு உண்டு. பரப்பில் 150-இல் ஒரு பங்கு காற்றுவழி வேண்டும் என்பார்கள். அதையே டிரெய்லருக்கும் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சூடான காற்று தானாக மேலேறி வெளியேற உயரம் வேண்டும். நாலு அங்குலத்தில் உயரம் எங்கே இருக்கிறது? குறுக்குச் சட்டங்கள் வேறு அறை அறையாகத் தடுக்கின்றன. இரு முனையிலும் ஓட்டை போட்டால் முனைகளுக்குத்தான் காற்று, நடுக்கூரை அப்படியேதான் இருக்கும்.

வெயிலுக்கு என் வழி பந்தல். மொட்டைமாடியில் கீற்றுப் பந்தல் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் வெப்ப நாடுகளுக்கென்றே கூரைமேல் இன்னொரு தகடு, இடையில் காற்றோட இடம் விட்டுப் பொருத்தினார்கள். வெயிலை மேல்தகடு வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். ஏலகிரி போய் வந்த அந்த டிரெய்லருக்கும் ஒன்றரை அங்குலம் விட்டு, முன்னும் பின்னும் திறந்து, வெள்ளை வண்ணம் அடித்த தகடு ஒன்றை ஏற்றினேன். உள்கூரையில் விளக்குத் துளைகளை உள்பக்கமிருந்து ரப்பர் வளையம் வைத்து அடைத்தேன். அடுத்த மே மாதம் உச்சி வெயிலில் அது பட்டறை வாசலில் நின்றபோது உள்ளே போய் உள்கூரையில் உள்ளங்கையை வைத்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

கேரவன் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, உள்கூரை விளக்கு ஒன்றைக் கழற்றி, கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். கம்பளி ஈரமாக இருந்தால் ஐப்பசி மழைக்குக் காத்திருக்க வேண்டாம், பிரித்துவிடுங்கள். வணக்கம்.