ஆரோடவுன்: தங்கம் தேடி வந்தவர்களின் ஊரில் ஒரு பகல்

[திரையில்: குயின்ஸ்டவுன் ஏரிக்கரை. பிறகு வரைபடம், ஒரு கோடு ஏரியை விட்டு வடகிழக்காக நகர்கிறது.]

வணக்கம். நியூசிலாந்தின் தென் தீவுக்குப் போகிற நம்மவர்கள் எப்படியும் குயின்ஸ்டவுனில் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். படகு, கேபிள் கார், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று பட்டியல் நிரம்பிவிடும். பக்கத்திலேயே 20 கிலோமீட்டரில் இருக்கிற ஆரோடவுனுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். கடைத்தெருவில் நடந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மரத்தடியில் போட்டோ எடுத்தால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள் என்பதுதான் என் சிபாரிசு. கடைத்தெருவைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள்.

[திரையில்: ஆரோ ஆறு. முழங்கால் ஆழம்கூட இல்லாத தெளிந்த நீர், சாம்பல் நிறக் கூழாங்கற்கள்.]

இந்த ஊர் இங்கே இருப்பதற்குக் காரணமே இந்த ஆறுதான். 1861-இல் இந்த ஊர் இருக்கிற ஒடாகோ மாகாணத்தில் கேப்ரியல் ரீட் என்பவர் தங்கம் கண்டுபிடித்தார். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆரோ ஆற்றிலும் தங்கம் கிடைத்தது. இங்கே அதை முதலில் கண்டவர் ஜாக் தேவா என்கிற மாவோரி, அதாவது நியூசிலாந்தின் பூர்வகுடி. ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். தங்கத்துக்காக அவர் அலையவில்லை. ஆனால் ஊர்ப் பெயராக முதலில் ஒட்டிக்கொண்டது வில்லியம் ஃபாக்ஸ் என்ற வெள்ளைக்காரரின் பெயர். ஃபாக்ஸ் தன் கூட்டாளிகளோடு சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டிருந்தார். ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? மற்றவர்கள் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். 1863 ஜனவரியில் காவலோடு கிளம்பிய முதல் வண்டியில் 12,000 அவுன்ஸ் தங்கம் போனது.

யார் கண்டார், யாருக்குப் பெயர் என்பதில் இந்தியர் ஒருவர் கதையும் உண்டு. எட்வர்ட் பீட்டர்ஸ், பம்பாய்ப் பக்கத்திலிருந்து போனவர். ரீடுக்குச் சில ஆண்டுகள் முன்பே அதே ஒடாகோவில் தங்கத்தைக் கண்டவர். ரீடுக்கு 1,000 பவுண்டு பரிசு கிடைத்தது. பீட்டர்ஸுக்குப் பல காலம் கழித்து, முதுமையில், சிறு உதவித்தொகை கிடைத்ததோடு சரி. அவர் தேடிய இடம் ஆரோடவுனில் இல்லை, தொலைவில் இருக்கிறது. ஆனாலும் நம் ஊரிலிருந்து போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

[திரையில்: கல் கட்டடத்தின் முகப்பு. பழைய வங்கி.]

காலையில் முதலில் லேக்ஸ் டிஸ்ட்ரிக்ட் மியூசியம். 1875-இல் கட்டிய வங்கிக் கட்டடத்தில் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரு மணி நேரம் போதும். இதைப் பார்த்துவிட்டுப் போனால் வெளியே கிடக்கிற ஒவ்வொரு கல்லும் எதற்கென்று புரியும். தங்கம் அரிக்கிற தட்டு வாடகைக்குக் கிடைக்குமா என்று இங்கேயே கேட்டுவிடுங்கள்.

[திரையில்: புஷ் க்ரீக் ஓடை. பாறையோடு ஒட்டிய சிறு குடிசை, தாழ்ந்த வாசல்.]

அங்கிருந்து சீனர் குடியிருப்புக்கு நடந்தே போய்விடலாம். ஊருக்கு மேற்கு முனையில், ஓடைக்கரையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. இந்த நாளில் நீங்கள் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

சீனர்கள் தாமாக வந்து புகுந்தவர்கள் அல்லர். 1860-களின் நடுவில் நியூசிலாந்தின் மேற்குக் கரையில் புதிதாகத் தங்கம் கிடைத்ததும் ஐரோப்பியத் தொழிலாளிகள் அங்கே ஓடிவிட்டார்கள். ஒடாகோவின் வியாபாரம் படுத்தது. ஒடாகோவின் பெரிய நகரமான டனீடினின் வணிகர்கள்தான் சீனர்களை அழைத்தார்கள். 1866 முதல் வந்தார்கள், பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்திலிருந்து. மற்றவர்கள் அரித்துவிட்டுப் போன மண்ணையே திரும்ப அரித்துப் பிழைத்தார்கள்.

குடிசைகளுக்குள் குனிந்துதான் போக வேண்டும். ஓர் ஆள் படுக்க இடம், ஓர் அடுப்பு, அவ்வளவுதான். கையில் கிடைத்த கல், மண், தகரம், கூரைப் புல் எல்லாவற்றையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு குடிசைக்குப் பின்சுவரே கிடையாது, மலைப்பாறைதான் சுவர். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற ஊர் இது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். 1983-இல் தொல்லியலாளர்கள் தோண்டிய பிறகுதான் இந்த இடம் மீட்டெடுக்கப்பட்டது. ஆ லம் என்பவரின் கடை மட்டும் முழுசாக நிற்கிறது. கடை என்றாலும், பணம் கொடுத்து வைக்கவும் கடிதம் எழுதித் தரச் சொல்லவும் ஊர்க்காரர்களைப் பார்க்கவும் எல்லாரும் வந்த இடம்.

[திரையில்: எழுத்தில் 1881: 10 பவுண்டு. 1896: 100 பவுண்டு.]

அழைத்து வந்தவர்கள் மீதே பிறகு வரி போட்டார்கள். 1881-இல் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் தலைவரி 10 பவுண்டு. 1896-இல் அது 100 பவுண்டு ஆனது. வேறு எந்த நாட்டவருக்கும் இந்த வரி கிடையாது. அரசு மன்னிப்புக் கேட்டது 2002-இல். ஊர் திரும்ப முடியாமல் இறந்தவர்களின் எலும்புகளையாவது சொந்த மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று 1902-இல் சீனச் சமூகத்தினர் வென்ட்னர் என்ற கப்பலில் 499 பேரின் உடல்களை ஏற்றினார்கள். அந்தக் கப்பலும் வட தீவுக் கரைக்கு அப்பால் மூழ்கிவிட்டது.

[திரையில்: தட்டில் ஈர மணல். கை நெருக்கமாக.]

சரி, இப்போது ஆற்றில் இறங்கலாம். ஆரோ ஆற்றில் பொதுமக்கள் தங்கம் தேடலாம் என்று ஒதுக்கிய பகுதி இருக்கிறது. அனுமதிச் சீட்டு வேண்டாம். தட்டு, சிறு மண்வெட்டி போன்ற கைக்கருவிகளுக்கு மட்டுமே அனுமதி, மோட்டார் கூடாது. எல்லை எதுவரை என்று மியூசியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தோண்டுவது? ஆறு வளைகிற இடத்தில் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் வெடிப்புகளில். நீரின் வேகம் குறைகிற இடத்தில்தான் கனமான பொருள் தங்கும். ஒரே அளவு மணலைவிடத் தங்கம் ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். அரிக்கிற வேலை முழுவதும் அந்தக் கன வித்தியாசத்தை நம்பித்தான்.

தட்டில் பாதிக்கு மண்ணை அள்ளி, நீருக்குள் வைத்து, களிமண் கட்டிகளை விரலால் உடைத்து, பெரிய கற்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் நன்றாக ஆட்டுங்கள். தங்கம் அடிக்குப் போகும். அப்புறம் தட்டை முன்பக்கமாகச் சாய்த்து, மேல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு போகவிடுங்கள். நம் வீட்டில் அரிசி களைந்து கல் அரித்தவர்களுக்குக் கை தானாகவே பழகிவிடும். கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். அதில்தான் பார்க்க வேண்டும்.

உடனே கத்திவிடாதீர்கள். இந்தப் பக்கத்துப் பாறை முழுக்க அபிரகம், அதாவது மைக்கா. ஆற்று மணலே வெயிலில் மின்னும். சந்தேகம் வந்தால் கையால் நிழல் கட்டிப் பாருங்கள். அபிரகத்தின் மினுமினுப்பு போய்விடும். நீரை ஆட்டினால் மிதந்து ஓடும். தங்கம் நிழலிலும் மஞ்சளாகவே இருக்கும், இருந்த இடத்தில் கிடக்கும். கிடைத்தால் தூசி அளவுதான் கிடைக்கும். விமான டிக்கெட் காசு தேறாது. தண்ணீர் மலையிலிருந்து வருவதால் கோடையிலும் கை விறைக்கும். பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பும் காலுறையும் கொண்டுபோங்கள். மழை பெய்து ஆறு கலங்கியிருந்தால் இறங்கவே வேண்டாம். 1863 குளிர்காலத்தில் ஒடாகோவின் வெள்ளம் ஏராளமான தொழிலாளிகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது.

[திரையில்: பக்கிங்ஹாம் தெரு. இருபுறமும் மரங்கள், சிறு வீடுகள்.]

மதியத்துக்கு மேல் கடைத்தெரு. சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பேக்கரிகளில் பை என்கிற இறைச்சி அடைத்த பண்டம் பிரபலம், சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். தெருவின் ஒரு முனையில் 1867-இல் நட்ட மரங்களுக்கு அடியில் தொழிலாளிகளின் பழைய சிறு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இலையுதிர்காலத்தில் ஊரே மஞ்சளாக மாறும் என்பதால் ஏப்ரலில் கூட்டம் அதிகம், அறை வாடகையும் அதிகம். இந்த மஞ்சள் நிறம் தருகிற மரங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. நியூசிலாந்தின் சொந்த மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பதில்லை. அங்கே பருவம் நமக்குத் தலைகீழ் என்பதை மறக்காதீர்கள். நம் மே மாத விடுமுறைக்குப் போனால் இலை உதிர்ந்து குளிர் தொடங்கியிருக்கும்; டிசம்பர், ஜனவரியில் வெயில் கொளுத்தும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

[திரையில்: மலைப்பாதை. கீழே ஊரும் ஆறும்.]

குயின்ஸ்டவுனிலிருந்து கார் என்றால் அரை மணி நேரத்துக்குள். ஊர் பஸ்ஸும் ஓடுகிறது. கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் ஆற்றைத் தாண்டி டோபின்ஸ் டிராக் என்ற பாதையில் ஏறுங்கள். செங்குத்துதான், ஆனால் பழைய வண்டிப் பாதை என்பதால் அகலமாக இருக்கும். மேலிருந்து முழு ஊரும் தெரியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆற்றின் மேல்பக்கம் மேஸ்டவுன் என்ற ஆளில்லாத தங்க ஊர் இருக்கிறது. படம் பார்த்தால் ஆசை வரும். போகிற வழியில் ஆற்றையே இருபது முறைக்கு மேல் கடக்க வேண்டும். வாடகைக் காரில் முயற்சி செய்யாதீர்கள். நான்கு சக்கர இயக்க வண்டியில் வழிகாட்டியோடு கூட்டிப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குத் தனியாக இன்னொரு நாளில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.