வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். ரேடியோல வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நான் டாக்டர் எல்லாம் இல்லீங்க, பிசியோதெரபி பாக்குறவ, ஞாயித்துக்கிழமைல பக்கத்துல இருக்கற இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய் வருவேன். அகதி முகாம்ங்கற பேர 2021லயே மறுவாழ்வு முகாம்னு மாத்திட்டாங்க, ஆனா வாய்ல வெறும் முகாம்னுதான் வருது.

அங்க ஒரு பொண்ணுக் குழந்தை, நான் பாக்கறப்போ ரெண்டு மாசம், ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கி இருந்துச்சு. வளைபாதம்னு சொல்லுவோம், ஆயிரத்துல ஒரு குழந்தைக்கு வரும். கிரகணத்தன்னிக்கு நீ காய் நறுக்கின அதான்னு பாட்டி மருமகளப் பிடிபிடின்னு பிடிக்க, அந்தப் பொண்ணு என்னை ஓரமா கூட்டிட்டுப் போய் "அக்கா, பிள்ளை நடக்குமோ?"ன்னு கேட்டுச்சு. நடக்கும்மா, ஓடவும் செய்யும்னேன்.

சும்மா சொல்லல. அமெரிக்காவுல பொன்செட்டின்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த முறை இது. வாரா வாரம் பாதத்த நீவி கொஞ்சம் கொஞ்சமா திருப்பி மாவுக்கட்டு போடுவாங்க, அஞ்சாறு கட்டு ஆகும், அப்புறம் பெரும்பாலும் குதிகால் பின்னாடி தசைநார்ல சின்னதா ஒரு வெட்டு, கடைசிக் கட்டு மூணு வாரம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசு கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் முகாம்காரங்க உண்டு, வருமான வரம்பு இல்லாமலே உண்டு, ஆனா கவுண்டர்ல இருந்தவருக்கே அது தெரியல, ஆதார் எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாரு, மறுநாள் முகாம் அட்டையோட நானும் போய் நின்னேன்.

ஆனா உண்மையான தொல்லை பஸ்ஸுதாங்க. வாரா வாரம் போகணும்னா அப்பாவுக்கு ஒரு நாள் பெயிண்டிங் கூலி போச்சு. அதுலயும் கட்டு போடுற நாளும் முகாம்ல ஆள் இருக்காங்களான்னு பாக்குற செக்கிங்கும் ஒண்ணா விழுந்து, ஆள் இல்லன்னா அரசாங்கம் மாசாமாசம் தர்ற பணக்கொடைய நிறுத்திடுவாங்களோன்னு பயந்து ஒரு வாரம் போகவே இல்ல, அதுக்குள்ள கட்டு நழுவி விரல் எல்லாம் உள்ள போயிடுச்சு. அப்புறம்தான் ஓபி சீட்ட ஜெராக்ஸ் எடுத்து, வர்ற தேதி எல்லாம் எழுதி ஆர்ஐ, அதான் வருவாய் ஆய்வாளர் கிட்ட முன்கூட்டியே ஒரு மனு கொடுத்தோம். ஒரே ஒரு பேப்பர்ங்க, முதல் வாரமே எனக்குத் தோணியிருக்கணும்.

கட்டு போட்ட குழந்தை வீட்ல இருந்தா விரல் நுனிய அழுத்திப் பாருங்க, வெளுத்து உடனே சிவக்கணும், நீலமா இருந்தாலோ விரலே கண்ணுக்குத் தெரியலனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கட்டு பிரிச்சதும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டு ஷூவ ஒரு கம்பியில பூட்டித் தருவாங்க, மூணு மாசம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நாலு வயசு வரைக்கும் தூங்கறப்போ போடணும். இத விட்டா பாதம் மறுபடி மடங்கிடும். ஆனா பத்துக்குப் பத்து வீடு, நடுச்சுவர் தாண்டி அடுத்த குடும்பம், குழந்தை ராத்திரி வீல்னு கத்தினா எந்த அம்மாதான் கழட்ட மாட்டா? இவளும் கழட்டினா. திட்டி என்ன ஆகப்போகுது, உக்காந்து பாத்தோம், குதிகால் ஷூவுக்குள்ள சரியா இறங்காமலே ஷூவோட வார இறுக்கி மாட்டியிருந்தாங்க, அதான் அழுகை.

இப்ப அவளுக்கு ரெண்டரை வயசு. ராத்திரி ஷூ வார மாட்டுறது அதே பாட்டிதான். போன வாரம் முழங்காலத் தூக்கிக் காட்டினாங்க, நீலமா கன்னியிருக்கு, தூக்கத்துல பேத்தி கம்பியால உதைச்சிருக்கா. நடுவுல ஒரு தலகாணி வைங்க பாட்டின்னு சொல்லிட்டு வந்தேன்.