காலைச் சர்க்கரை சரியாக இருக்கிறது, மூன்று மாதச் சராசரி ஏன் எகிறுகிறது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஒன்பது வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; வீட்டிலுள்ள மீட்டரில் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் 110, 120 என்றுதான் காட்டுகிறது; ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனையில் 9 என்று வருகிறது. "ஒளித்து வைத்து எதையோ தின்கிறார் என்று மருத்துவர் சொல்கிறார், இவரோ சத்தியம் செய்கிறார், நான் யாரை நம்புவது? சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கக் கையில் ஒட்டுகிறார்களே, அந்தச் சென்சரை ஒட்டினால் உண்மை தெரிந்துவிடுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் உங்கள் கணவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுங்கள். இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஹெச்பிஏ1சி 9 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தச் சர்க்கரை சராசரியாக 212 அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். விடியற்காலையில் 120 இருக்கும் ஒருவருக்குச் சராசரி 212 வர வேண்டுமானால், நாளின் வேறு நேரங்களில் அது 250, 300 என்று ஏறியிருக்க வேண்டும். நீங்கள் இத்தனை வருடங்களாக மீட்டரில் பார்த்துவந்தது, நாள் முழுவதிலும் அவருடைய சர்க்கரை மிகவும் ஒழுங்காக இருக்கும் அந்த ஒரு நேரத்தை மட்டும்தான்.

இந்த இடத்தில் என்னுடைய பழைய உறைபனிக் கதையை மறுபடியும் சொல்லப் போகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சனவரி மாதத்தில் ஊட்டிப் பக்கம் பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கும், விடியும்போது புல்தரை வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். இரண்டையும் கூட்டி வகுத்து மாதச் சராசரி இவ்வளவு என்று சொன்னால், எந்தத் தேயிலை விவசாயியாவது அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குவாரா? விடிவதற்கு முன்பு ஓரிரு மணி நேரம் குளிர் சுழியத்தைத் தொட்டால் போதும், கொழுந்து கருகிவிடும். அதனால்தான் அவர் எந்த இரவு, எந்தச் சரிவு என்று பார்த்துச் செடிகளைத் தழை போட்டு மூடுகிறார். ஹெச்பிஏ1சி என்பதும் அதே போன்ற சராசரிதான். நாள் முழுவதும் 130க்கும் 180க்கும் இடையில் நிதானமாகப் போகிறவருக்கும், 50க்கும் 300க்கும் இடையில் ஊஞ்சலாடுகிறவருக்கும் அது ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

சென்சர் அந்த ஊஞ்சலைக் கண்ணுக்குக் காட்டுகிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை ஒன்றை மேற்கையின் பின்புறம் ஒட்டுகிறோம். முடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் தங்குகிறது, ஊசி உள்ளே தங்குவதில்லை. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் வகை கால்மணி நேரத்துக்கு ஒரு அளவைப் பதிவு செய்கிறது. நாளொன்றுக்கு 96, அது ஒட்டியிருக்கும் 14 நாட்களுக்கு 1,344. அது அளப்பது இரத்தத்தை அன்று, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. ஆகவே சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். மீட்டரும் சென்சரும் இருபது புள்ளி வேறுபட்டால் எது பொய் என்று சண்டை போட வேண்டாம். பொதுவாக, நாளில் 70 விழுக்காட்டு நேரமாவது, அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும். 70க்குக் கீழே ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும். இது 2019இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த இலக்கு. வயதில் மூத்தவர்களுக்கு ஏறுவதில் சற்றுத் தளர்வும், இறங்குவதில் இன்னும் கூடுதல் எச்சரிக்கையும் தேவை.

கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவுக்குச் சென்சர் வரைந்த சர்க்கரைப் படம் எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. காலை ஆறரைக்குச் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் கட்டன் சாயாவோடு மலைச்சரிவில் ஏறிவிடுவார். படத்தில் பதினொரு மணிக்குச் சர்க்கரை 58. அப்போது கை நடுங்கும், வியர்க்கும். பையிலிருக்கும் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வார், பிறகு பசி தாங்காமல் மதியத்தில் இரண்டு மடங்கு சோறு சாப்பிடுவார். மூன்று மணிக்கு 310. இது மூன்று நாட்களில் நடந்தது என்றால் தற்செயல் எனலாம், வேலைக்குப் போன பன்னிரண்டு நாட்களிலும் அதே கோடு, அதே பள்ளம், அதே மேடு. அவருக்குச் சர்க்கரை அதிகம் என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனவர்களில் நானும் ஒருவன். மாத்திரையைக் குறைத்து, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு ஏறச் சொன்னதும் மதியத்து மேடு தானாகவே தணிந்தது.

வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நம் குளிரில் அதிகம். காலையில் போடும் அந்த மாத்திரை பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை ஏற்றிவிட்டு, மறுநாள் விடியும்போது ஒன்றும் தெரியாததுபோல் இறங்கியிருக்கும். உங்கள் கணவருக்கு அப்படி ஏதாவது மருந்து உண்டா, மூட்டு வலிக்கு எவராவது கொடுத்த பெயர் தெரியாத பொடி உண்டா என்று பாருங்கள்.

ஆனால் சென்சர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அன்று. ஓய்வு பெற்ற ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு மேல் சர்க்கரை 50க்குச் செங்குத்தாக விழுந்து, அரைமணி நேரத்தில் மறுபடியும் செங்குத்தாக ஏறுவதாகப் படம் வந்தது. இரவு இன்சுலினைக் குறைக்க மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டேன். ஏதோ தோன்றி, "எந்தப் பக்கமாகப் படுப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி, "சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையை அமுக்கிக்கொண்டு, மூன்று கம்பளி போர்த்தித்தான் தூங்குவார்" என்றார். சென்சர் ஒட்டியிருந்தது இடது கையில். உடல் எடை அழுத்தும்போது அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத இறக்கத்தைச் சென்சர் காட்டிவிடும். அடுத்த முறை வலது கையில் ஒட்டினோம். அந்த நள்ளிரவுப் பள்ளம் காணாமற்போனது. எழுதிக்கொண்டிருந்த சீட்டை அன்றே கிழித்துவிட்டேன்.

மூன்று மாதச் சராசரியே தவறாக இருக்க வாய்ப்பில்லையா என்றால், உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அந்த எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அரிவாள் அணு இரத்தச் சோகையைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட தொடக்கப் பதிவுகளில் ஒன்று, 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டதுதான். ஹெச்பிஏ1சி அளப்பது சிவப்பணுவில் ஒட்டிச் சேர்ந்திருக்கும் சர்க்கரையைத்தான்; அந்த நோய் இருப்பவர்களுக்குச் சிவப்பணு வழக்கமான 120 நாட்கள் வாழ்வதில்லை. ஆகவே ஹெச்பிஏ1சியை வைத்து அவர்களிடம் எதையும் முடிவு செய்யக் கூடாது. சென்சர் அத்தகையவர்களுக்குத்தான் பெரிய உதவி.

அந்த அம்மா கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி, "அந்த 14 நாட்களும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்பது. சென்சர் ஒட்டிய மறுநிமிடமே பலர் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்போல் நடந்துகொள்கிறார்கள். சோறு பாதியாகிறது, வர்க்கி அலமாரிக்குள் போய்விடுகிறது, மாலையில் நடைப்பயிற்சி திடீரென்று முளைக்கிறது. படம் மிக அழகாக வருகிறது, எனக்கு ஒரு பயனும் இல்லை. எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடட்டும். பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு, நடந்தது, தூங்கியது என எல்லாவற்றையும் எழுதுங்கள். நாட்குறிப்பு இல்லாத படத்தில் நான்கு மணிக்கு ஒரு மேடு தெரியும். அது சாயாவோடு தின்ற இரண்டு வர்க்கியா, சித்தப்பா வீட்டுக் காதணி விழாவா என்று எனக்கு எப்படித் தெரியும்?

சென்சருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்கு முன்பு ஒரு வாரம், காலைச் சோதனையை விட்டுவிட்டு, அதே மீட்டரில் ஒருநாள் காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாள் மதிய உணவுக்குப் பிறகும், அதற்கு மறுநாள் இரவு உணவுக்குப் பிறகும் பாருங்கள். விரல் குளிர்ந்து விறைத்திருந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். உங்கள் விடை அதிலேயே வந்துவிட வாய்ப்பு அதிகம். வராவிட்டால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சென்சரை ஒட்டிக்கொள்ளலாம். மாத்திரை அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம்.

ஒட்டிய பிறகு ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்துக் கழற்றும் பழக்கத்தை மட்டும் அந்த இரண்டு வாரங்கள் விட்டுவிடச் சொல்லுங்கள். ஆறாவது நாளில் சென்சரையும் சேர்த்து உருவிக்கொண்டு, அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தவர்கள் இதுவரை நான்கு பேர். முன்புறம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் நல்லது.