ஹாப்கின்ஸ் வீட்டு ரொட்டி

எல்லாருக்கும் வணக்கம். இப்போது நான் நிற்பது பிரிட்டனில், சவுத் வேல்ஸில் போர்ட் டால்பட் ஊர், தைபாக் என்ற பகுதி. எனக்குப் பின்னால் தெரிவது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அதற்கும் அப்பால் ஸ்டீல் ஆலை. கடல் காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வேல்ஸ்காரர்களின் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பஸ் ஸ்டாப்பில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சீக்கிரமே ஒரு பிரபலம் உள்ளே வந்துவிடுவார், பாடகர் டாம் ஜோன்ஸோ கால்பந்து வீரர் கேரத் பேலோ. "டாம் ஜோன்ஸ் தெருவுக்கு அடுத்த தெருதான் எங்கள் அத்தை வீடு." "கேரத் பேலுக்குப் பாடம் எடுத்த சார்தான் என் தம்பிக்கும்." ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகூடக் கிடையாது, நூலிழை மாதிரி ஒரு தொடர்பு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வெட்டிப் பெருமை என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இங்கே நர்ஸாக வேலை பார்க்கிறேன், நாள் முழுக்கப் பெரியவர்களோடுதான் பேச்சு. கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது இதுதான்: அவர்கள் பிரபலத்தின் பெயரைச் சொல்வது தங்கள் வீட்டு மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்காக.

எங்கள் தெருவில் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். போன வாரம் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வெல்ஷ் கேக் சுட்டுக்கொண்டிருந்தார். நம் தோசைக்கல் மாதிரியே கனமான இரும்புக் கல். உலர் திராட்சை கலந்த மாவை வட்ட வட்டமாக வெட்டிக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்துச் சூட்டோடு சர்க்கரையில் புரட்டினார். அப்போது சொன்னார்: "ஆந்தனி ஹாப்கின்ஸின் அப்பா சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்தவள் நான்."

நடிகர் ஹாப்கின்ஸ் 1937இல் இந்த ஊரின் மார்கம் பகுதியில் பிறந்தவர். அவர் அப்பா ரொட்டிக்கடைக்காரர். ஆனால் பாட்டி அதற்கப்புறம் ஹாப்கின்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரொட்டியின் மொறுமொறு முனை யாருக்கு என்று வீட்டில் நடந்த சண்டை, ராத்திரி ஷிஃப்ட் போகும் அண்ணனுக்கு அம்மா அந்த ரொட்டியில் சீஸ் வைத்துத் துணியில் முடிந்து கொடுத்தது, விடிகாலையில் அவர் திரும்பி வரும்போது சட்டையில் அடிக்கும் வாசனை, இப்படியே போனது பேச்சு. அண்ணன் இறந்து பல வருஷமாகிறது. அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. உலகத்துக்கே தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான், யாருக்கும் தெரியாத அண்ணனை அந்தப் பாட்டி எனக்கு அறிமுகப்படுத்தினார். இதைப் பீற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஹாப்கின்ஸுக்கே இப்படி ஒரு கதை உண்டு. அவருக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பெரிய பெயர் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். 1925இல், இங்கிருந்து மேலே பள்ளத்தாக்கில் இருக்கும் பொன்ட்ரிடிவென் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பதின்மூன்று பிள்ளைகளில் இவர் பன்னிரண்டாவது. இரண்டு வயது ஆகும் முன்பே அம்மா இறந்துவிட்டார். அக்கா சிசிலியாதான் இதே தைபாக்கில் வைத்து வளர்த்தார். வீட்டுப் பெயர் ஜென்கின்ஸ். பர்ட்டன் என்பது அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஃபிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியரின் பெயர். சினிமாவில் புகழடைந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, ரொட்டிக்கடைக்காரர் மகன் போய் அவரிடம் கையெழுத்து வாங்கினான். அந்தப் பையன்தான் ஹாப்கின்ஸ்! 1974இல் நியூயார்க்கில் 'ஈக்வஸ்' நாடகம் மேடையேறியபோது மனநல மருத்துவர் வேடம் போட்டவர் ஹாப்கின்ஸ். 1976இல் அதே மேடை நாடகத்தில் அதே வேடத்தைப் போட்டவர் பர்ட்டன். கையெழுத்து வாங்கியவர் முதலில், கையெழுத்துப் போட்டவர் அப்புறம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

டாம் ஜோன்ஸைப் பாருங்கள். பொன்டிபிரித் பக்கம் ட்ரிஃபாரஸ்டில் அவர் வளர்ந்த தெருமுனையில் இருந்த சிவப்பு டெலிபோன் பூத்தை லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். இந்த நூலிழையை ஊர்க்காரர்கள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை பிடித்திருக்கிறது.

வேல்ஸ் மொத்தத்திலும் 31 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான். சுரங்கத்தையும் ஆலையையும் நம்பி எழுந்த ஊர்களில் ஒரே பள்ளி, ஒரே சாப்பல் என்கிற தேவாலயம், ஒரே ரக்பி கிளப். கார்டிஃபில் விட்சர்ச் பள்ளி ஒன்று போதும்: கால்பந்து வீரர் கேரத் பேல், ரக்பி கேப்டன் சாம் வார்பர்ட்டன், 2018இல் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்த கெராய்ன்ட் தாமஸ், மூன்று பேரும் அங்கே படித்தவர்கள். அந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் ஒரு கதை இருக்காது?

இந்த ஊரில் நடிகர் மைக்கேல் ஷீன் கதை சொல்லாத ஆளே இல்லை. 2011 ஈஸ்டரில் மூன்று நாள், ஊரையே மேடையாக்கி ஏசுவின் பாடுகளை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரர்கள் அதில் சேர்ந்து நடித்தார்கள். "நான் கூட்டத்தில் நின்றேன்" என்று சொல்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களில் பல குடும்பங்கள் இந்த ஆலையில் உழைத்தவை. டாடா நிறுவனம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி இரும்பு உருக்க இங்கிருந்த கடைசி ஊது உலையையும் நிறுத்தியது. வேலையும் போய், அதைப் பற்றிப் பேச ஆளும் போய்விட்டால் ஊரில் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்.

எனக்கும் அப்படி ஒரு நூலிழை இருக்கிறது. ட்ரெடிகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனாய்ரின் பெவன். அந்த ஊர்த் தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்து, ஒரு சங்கம் வழியாக எல்லாருக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அதை மனதில் வைத்துத்தான் அவர் மந்திரியானபோது என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையைக் கொண்டுவந்தார். 1948 ஜூலை 5, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்தில் அம்மன்ஃபோர்ட் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு அவர் நினைவாக அனாய்ரா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தையும் வளர்ந்து நர்ஸ் ஆனார். பின்னால் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எத்தனையோ டாக்டர்கள் இந்தச் சுரங்க ஊர்களுக்கு வந்து, வாழ்நாள் முழுக்க இங்கேயே வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் வந்த வழியில்தான் நானும் வந்தேன். பெவனை நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். இருந்தாலும் அவர் ஆரம்பித்த இடத்தில்தான் தினமும் யூனிஃபார்ம் போட்டு நிற்கிறேன். யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்.

வேல்ஸில் இருக்கும் நம்மவர்களே, உங்களிடமும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். கமென்ட்டில் போடுங்கள். பிரபலத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அதை உங்களுக்குச் சொன்னவர் யார், அவர் வீட்டில் யார் எந்தச் சுரங்கத்தில், எந்த ஆலையில், எந்த வார்டில் வேலை பார்த்தார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன். அடுத்த வீடியோ பொன்ட்ரிடிவெனிலிருந்து.