செயின்சா செயினுக்கு எந்தச் சாணைக்கல்?

[திரையில்: ஒரு வெட்டுப் பல், மிக நெருக்கத்தில். முனையில் நீலக் கறை.]

வணக்கம். இந்தப் பல்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மேல்தட்டு வெள்ளியா மின்னுது, அது குரோம் பூச்சு. மரத்தை வெட்டறதே அந்தப் பூச்சோட விளிம்புதான். ஆனா முனையில கடுகளவுக்கு நீலம் ஏறியிருக்கு பாருங்க, அங்கே எஃகோட பதம் கெட்டுப்போச்சு. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு பட்டாத்தான் எஃகுல இந்த நிறம் வரும்.

இதைச் சாணை பிடிச்சது நான்தான். சாணை மெஷினோட வந்த கல்லை அப்படியே மாட்டி, பல்லு மேல அழுத்திப் பிடிச்சேன். பார்க்கப் பளபளன்னு கூர்மையா இருந்துச்சு. மரத்துல வச்சதும் சீவல் சீவலா வர வேண்டியது, கொஞ்ச நேரத்துல வெறும் தூளாக் கொட்டுச்சு. சரி, அரத்தால சரிபண்ணலாம்னு தேய்ச்சா, அரம் கடிக்காம வழுக்கிட்டுப் போகுது. அந்தச் செயின்ல பாதிப் பல்லைத் தேய்ச்சுத் தீர்த்த பிறகுதான் நல்ல எஃகு வந்துச்சு. அன்னையிலிருந்து ஒரு கல்லை வாங்கறதுக்கு முன்னாடி நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இது எவ்வளவு சூட்டைக் கிளப்பும்?

ஆனா சூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தடிமனை முடிச்சிடலாம். அதை உங்க செயின்தான் முடிவு பண்ணும். செயின் கண்ணிகளைக் கோர்த்திருக்கற ரிவெட்டுல அடுத்தடுத்து வர்ற மூணை எடுத்துக்குங்க. முதல் ரிவெட்டோட நடுவிலிருந்து மூணாவது ரிவெட்டோட நடு வரைக்கும் அளந்து, பாதியாக்குங்க. அதுதான் பிட்ச். பிட்சை அங்குலத்துலதான் சொல்வாங்க. கால் அங்குலப் பிட்ச், லோ புரொஃபைல்னு சொல்ற குட்டைப் பல்லு 3/8 செயினுக்கெல்லாம் 3.2 மில்லிமீட்டர் கல். முழு அளவு 3/8, அப்புறம் .404 பிட்சுக்கு 4.7 மில்லிமீட்டர். .325 பிட்சுக்குப் பெரும்பாலும் 3.2தான் போடறாங்க. சில வகைப் பல்லுக்கு 4.7 கேப்பாங்க, அதனால செயின் தயாரிப்பாளரோட அட்டவணையை ஒரு தடவை பார்த்துடுங்க.

இதுல நிறையப் பேர் சறுக்கற இடம் அந்த 3/8. ரிவெட்டை அளந்தா ரெண்டு வகையும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். ஆனா லோ புரொஃபைல் பல்லு குட்டை, அதுக்குக் கை அரமே 4 மில்லிமீட்டர்தான். முழு அளவுப் பல்லுக்கு 5.2 அல்லது 5.5 அரம். அதனால பல்லோட உயரத்தையும் பாருங்க. குட்டைப் பல்லுக்குத் தடிமனான கல்லை இறக்கினா, பல்லுக்கு முன்னாடி நிக்கற டெப்த் கேஜையும், அதாவது பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு தீர்மானிக்கற மேட்டையும், சேர்த்துக் கடிச்சிடும். பெரிய பல்லுக்கு மெல்லிய கல் போட்டா, பல்லுக்கும் டெப்த் கேஜுக்கும் நடுவுல உள்ள பள்ளம் முழுசாத் திறக்காது, சீவல் வெளியே போக இடம் பத்தாது.

[திரையில்: இரண்டு கற்கள். ஒன்றின் ஓரம் சொரசொரப்பு, இன்னொன்று கண்ணாடிபோல் மினுங்குகிறது.]

இப்போ சூடு. சாதாரணக் கல்லுங்கறது அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பிணைச்சுச் சுட்டது. வெள்ளை, இளஞ்சிவப்புன்னு பல நிறத்துல வரும். நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க. கல்லு மேல எண்ணும் எழுத்தும் போட்டிருந்தா அதைப் படிங்க. எண், துகளோட அளவு. 60லேருந்து 100க்குள்ள இருந்தா இந்த வேலைக்குச் சரி. எண்ணுக்குப் பின்னாடி வர்ற எழுத்து, துகளைக் கல்லு எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்குன்னு சொல்லும். ஏ பக்கம் போகப்போக மென்மை, இசட் பக்கம் போகப்போக இறுக்கம்.

கெட்டியான எஃகுக்குக் கெட்டியான கல்தானே வேணும்னு தோணும். நேர் எதிர். கல்லுல உள்ள ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. எஃகுல பட்டுப்பட்டு அது மழுங்கும். மென்மையான கல்லுல மழுங்கின துகள் உதிர்ந்து, அடியிலிருந்து புதுக் கூர் வெளியே வரும். இறுக்கமான கல்லு மழுங்கின துகளை விடவே விடாது. அது வெட்டாம உரசும். உரசினா சூடு, சூடு ஏறினா நீலம். என் பல்லுக்கு நடந்தது இதுதான். அந்தக் கல்லோட ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கிட்டு இருந்ததை அப்போ நான் கவனிக்கலை.

மென்மையான கல்லுக்கு ஒரு தொந்தரவு உண்டு. சீக்கிரம் தேயும், வட்டமா இருக்க வேண்டிய ஓரம் தட்டையாகும். டிரெஸ்ஸிங் கல்லை வச்சு அடிக்கடி வடிவம் கொடுக்கணும். நான் ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் முடிச்சதும் ஒரு தடவை ஓரத்தைப் பார்ப்பேன். அந்தச் சின்ன வேலை எனக்குப் பெரிசில்லை.

உங்களுக்குப் பெரிசுன்னா சி.பி.என். வீல் இருக்கு. உலோக வட்டு மேல கியூபிக் போரான் நைட்ரைடு துகளை ஒட்டினது, அதோட சுருக்கம்தான் சி.பி.என். வடிவம் கொடுக்க வேண்டியதில்லை, விட்டமும் அப்படியே நிக்கும், சூடும் குறைவு. விலை பல மடங்கு. தினமும் பல செயின் சாணை பிடிக்கறவங்களுக்குத் தாராளமாச் சொல்வேன். ஒண்ணு மட்டும்: எண்ணெயும் பிசினும் ஒட்டின செயினை அதுல வைக்காதீங்க, அடைச்சுக்கும். முதல்ல செயினைக் கழுவிக் காய வச்சிடுங்க. வைர வீலை எஃகுப் பல்லுக்குப் போடாதீங்க. வைரம்ங்கறது கார்பன், சூட்டுல இரும்போட சேர்ந்து தேஞ்சு போகும். கார்பைடு முனை வச்ச செயினுக்குத்தான் வைரம்.

[திரையில்: கல்லை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டுவது.]

மாட்டறதுக்கு முன்னாடி இதைத் தவறாமச் செய்யுங்க. பானையைத் தட்டிப் பார்க்கற மாதிரி கல்லை மெதுவாத் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்ல கல். சத்தம் செத்துக் கேட்டா உள்ளே விரிசல் இருக்கலாம், தூக்கிப் போட்டுடுங்க. நடுத்துளை மெஷினோட தண்டுக்குச் சரியாப் பொருந்தணும், தட்டி ஏத்தவோ துளையைப் பெரிசாக்கவோ கூடாது. கல்லுல போட்டிருக்கற அதிகபட்சச் சுழற்சி வேகம், மெஷின் வேகத்துக்குக் கீழே இருந்தா அந்தக் கல் வேண்டாம். ரெண்டு பக்கமும் இருக்கற காகித வளையத்தைக் கழற்றாதீங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, மெஷினோட கவசத்தை மூடி, ஒதுங்கி நின்னு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க.

அப்புறம் முதல் பல். கல்லை அழுத்தி நிறுத்தாதீங்க. தொட்டு எடுங்க, தொட்டு எடுங்க. ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவுல பல்லு ஆறட்டும். முடிச்சதும் விரலை வச்சுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தாச் சரி. விரல் சுட்டா, கல்லோட ஓரத்தைத் திரும்பவும் சொரசொரப்பாக்கிட்டு அடுத்த பல்லுக்குப் போங்க.