நெல்ஸ்ப்ரூட் ரோஸ் கல்லு, பார்பர்ட்டன் சாம்பல் கல்லு

வணக்கம் மக்களே. காத்து பலமா அடிக்குது, மைக்ல உஸ்ஸுன்னு கேட்டா பொறுத்துக்கோங்க. ஜோஹனஸ்பர்க்ல விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பினேன். இப்ப ம்பொம்பேலா தாண்டி, நம்ம ஆளுங்க இன்னும் நெல்ஸ்ப்ரூட்னுதான் சொல்றாங்க, ஆர் 40 ரோட்டோரம் நிக்கிறேன்.

இந்தப் பாறையைக் கிட்ட காட்டுறேன். லேசா ரோஸ் தெரியுதா? நகம் அகலத்துக்கு ஒவ்வொரு படிகமும். இது பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கனிமம். நம்ம வீட்டுச் சமையல் மேடையில மாவு சிந்துற ரோஸ் கிரானைட்லயும் இதே சரக்குதான். இந்தப் பாறையோட வயசு 310 கோடி வருஷம்.

மலை இறங்கினா பார்பர்ட்டன் போற பள்ளத்தாக்கு, காப் வேலி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சாம்பல் கல்லு, பேரு டோனலைட். அது 323 கோடி வருஷம். பொட்டாசியம் கம்மி, சோடியம் ஜாஸ்தி. தெக்கால ஸ்டோல்ஸ்பர்க் பக்கம் போனா அதே சாம்பல் குடும்பத்துல 345 கோடி வருஷத்துக் கல்லும் இருக்கு. ஆக, இந்த ஊர்ல 20, 30 கோடி வருஷமா சாம்பல் கல்லாத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் இந்த ரோஸ் வகை மொத்தமா, பெரிய பெரிய தகடா பரவிடுச்சு. ஏன்?

பால்ல இருந்து நேரா நெய் எடுக்க முடியுமா? முடியாது. தயிராக்கி, கடைஞ்சு, வெண்ணெய் எடுத்து, அதை உருக்கணும். அதே கதைதான். முதல் சரக்கு பசால்ட், எரிமலைக் கருங்கல்லு. அதுல பொட்டாசியம் ஆக்சைடு பெரும்பாலும் அரை சதவீதம்கூட தேறாது. தண்ணி ஊறின அந்த பசால்ட் ரொம்ப ஆழத்துல ஒரு பகுதி மட்டும் உருகினா, மேல வர்ற குழம்பு இந்தச் சாம்பல் கல்லு, அதுல பொட்டாசியம் ஆக்சைடு 2 சதவீதம் வாக்குல. அந்தச் சாம்பல் கல்லே திரும்ப உருகினாத்தான் 4, 5 சதவீதம் உள்ள ரோஸ் கிரானைட்.

பொட்டாசியம் அயனி சைஸ்ல பெருசு. ஆலிவின், பைராக்சீன் மாதிரி கனிமத்துக்குள்ள அதுக்கு இடமே கிடையாது. ரயில்ல வாசப்படியில தொங்குறவன் மாதிரி, கொஞ்சம் உருக ஆரம்பிச்சாலே முதல்ல குதிச்சிடும்.

அப்ப, உருக்குறதுக்கு வெண்ணெய் முதல்ல சேர்ந்திருக்கணும் இல்லையா? சாம்பல் கல்லு போதுமான தடிமனுக்கு அடுக்கி இருந்தாத்தான் அதோட அடிப்பகுதி சூடேறி உருகும். அதனால ரோஸ் கிரானைட்டைப் பார்த்தா, அங்க ஏற்கெனவே ஒரு கண்டம் உருவாகி இருந்துச்சுன்னு அர்த்தம். எதனால தடிச்சதுங்கிறதுலதான் சண்டை. பூமியோட மேலோட்டுத் தட்டுகள் மோதினதுன்னு ஒரு கட்சி. கனமான எரிமலைப் பாறை கீழ அமிழ, லேசான கிரானைட் குமிழியா மேல எழும்புச்சுன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவதுதான் கொஞ்சம் மனசுக்குப் பிடிக்குது, மேப்ல பார்த்தா கிரானைட் எல்லாம் வட்ட வட்டமா இருக்கு. அதை வச்சு மட்டும் தீர்ப்பு சொல்லக் கூடாது, சரி.

நம்ம ஊர்ப்பக்கமும் இது நடந்திருக்கு, ரொம்ப லேட்டா. பெங்களூர்ல இருந்து மைசூர் போறப்போ ராமநகராவுல மொட்டைப் பாறைங்க நிக்கும்ல? அந்த ஊர் பழைய பேர்லயே க்ளோஸ்பெட் கிரானைட்னு சொல்றாங்க. 252 கோடி வருஷம். இங்க முடிஞ்ச வேலை அங்க கிட்டத்தட்ட 60 கோடி வருஷம் கழிச்சு. உலகம் முழுக்க ஒரே நாள்ல மணி அடிச்ச மாதிரி மாறலை.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பொட்டாசியம் கூடவே யுரேனியம், தோரியமும் மேல ஏறிடும். மூணுமே கதிரியக்கத்தால சூடு கிளப்புற சரக்கு. அது மேல வந்துட்டா அடிப்பகுதி ஆறி இறுகிடும். அப்படி இறுகின கண்டத்து மேலதான் பின்னாடி ஜோஹனஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் மணல், கூழாங்கல் எல்லாம் வந்து படிஞ்சுது. தங்கம் அதுக்குள்ளதான். அந்தத் தங்கத்துக்காக 1886ல முளைச்ச ஊர்லதான் நான் வாடகை கட்டிக்கிட்டிருக்கேன்.

சரி, பேட்டரி 12 சதவீதம்னு காட்டுது. பார்பர்ட்டன்ல சார்ஜ் போட்டுட்டு, எஸ்வாட்டினி நாட்டு எல்லையில இருக்கிற புலெம்பு பக்கம் ஏறுற ஜியோடிரெய்ல், அதாவது பாறை பார்க்கிற ரோட்டுல மறுபடி கேமராவை ஆன் பண்றேன். அந்த மக்கோஞ்சுவா மலை 2018ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, அதனால சுத்தியலைக் கார்லயே விட்டுட்டுத்தான் இறங்கப் போறேன்.